லென்ஸுக்குள் ஒரு பிடி சாமை

அத்தியாயம் 9

"சார், இது கேமராவா, இல்ல கோழிக்குத் தீனி வெக்கிற டப்பாவா?"

கேட்டவர் சகாயம். போளூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். வலது கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பொலபொலவென்று எதுவோ கொட்டியது.

துப்பறியும் நிபுணர் வெற்றிச்செல்வன் குனிந்து பார்த்தார். 'நிபுணர்' என்பது அவருடைய விசிட்டிங் கார்டில் இருக்கும் சொல். கார்டை அச்சுக்குக் கொடுக்கும்போது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டவள் அவருடைய உதவியாளர் ரெனி. அவள் இப்போது கடை வாசலில் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றியபடி நின்றிருந்தாள்.

"கேழ்வரகு!" என்றார் வெற்றிச்செல்வன், கண்டுபிடித்துவிட்ட குரலில்.

"கேழ்வரகு உருண்டையா, செவப்பா இருக்கும் சார்." ரெனி உள்ளே வந்து ஒரு மணியை நகத்தால் உருட்டினாள். கண்ணமங்கலத்தில் அவள் வீட்டார் பயிர் செய்கிறவர்கள். "இது சாமை. உமியோட கீது."

"சாமை!" முதலில் சொன்னதை மறந்துவிட்டு, அதே கண்டுபிடித்த குரலில் அதையும் சொன்னார் வெற்றிச்செல்வன். "சகாயம், நல்லாக் கேட்டுக்கோங்க. இது விபத்து இல்ல. சதி."

எந்தச் சதி என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் மேல்ஈச்சங்காடு என்று நாற்பது வீட்டு ஊர். ஊரார் உலுக்கிய புளியை எல்லாம் பொதுவில் ஒரு தகரக் கிடங்கில் சேர்த்து வைப்பார்கள். போன வாரம் அதில் பன்னிரண்டு மூட்டை காணாமல் போயிற்று. கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. சாவி, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சின்னதம்பியிடம். ஊர் அவரைப் பார்க்கத் தொடங்கியது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் லட்சுமணன்தான், "வெளியாள் ஒருத்தர் வந்து பாத்துச் சொல்லட்டும்" என்று வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டும் மழையில் போய் இறங்கினார் நிபுணர். ரெனிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. கிடங்கைச் சுற்றிப் படம் எடுத்தார். மழை வலுத்ததும் சின்னதம்பி வீட்டிலேயே ராத்தங்கினார். சந்தேகத்துக்கு உரியவன் வீட்டில் தங்கி அவனைக் கவனிப்பது ஓர் உத்தி என்று பிறகு ரெனியிடம் விளக்கினார். அந்த மழையில் அவரை உள்ளே கூப்பிட்ட முதல் வீடு அதுதான் என்பதை விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், யாரோ துடைத்து அலமாரியில் வைத்திருந்த கேமரா மூக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தது. வேறு பேட்டரி போட்டு பட்டனை அழுத்தினால் 'கர்ர்' என்று உறுமி அடங்கியது. கார்டு இருக்கும் மூடி திறக்க மறுத்தது. வெளியே கிடங்கைச் சுற்றியிருந்த தடயத்தை எல்லாம் மழை கழுவிவிட்டிருந்தது.

வெற்றிச்செல்வனுக்கு மூளையில் மின்னல் அடித்தது. ஊரைக் கூட்டினார்.

"சாவியும் இவர்கிட்ட. கேமரா செத்ததும் இவர் வீட்டுல. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல," என்றார். சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேசினார்.

நடுவில் ஒரே ஒரு தடவை சின்னதம்பி வாயெடுத்தார். "சார், நாங்க நல்லதுக்குத்தான்..."

வெற்றிச்செல்வன் கையை உயர்த்தினார். சின்னதம்பி தன் மனைவி மங்கம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். 'கையும் களவுமாகப் பிடிபட்டவன் பேச்சிழந்தான்' என்று நிபுணர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்து நன்றாக வந்திருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஊர் மறுபடி கூடும், சின்னதம்பியிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளும் என்று முடிவாயிற்று. நாற்பது வீட்டு ஊரில் சாவி போனால் பேரும் போகும். அதற்கப்புறம் அந்த மனிதர் சந்தையில் நின்றால்கூடப் பக்கத்தில் கோணி விரித்து விற்பவன் தன் கோணியை ஒரு அடி நகர்த்திப் போடுவான்.

இன்று சனிக்கிழமை. மணி பதினொன்று.

"சதியோ விதியோ," என்றார் சகாயம், இடுக்கியால் லென்ஸ் வளையத்திலிருந்து மணி மணியாய்ப் பொறுக்கியபடி. "லென்ஸ் வெளிய நீட்டிக்கினு இருக்கும்போதுதான் இது உள்ள போயிருக்கு. மூடியிருந்தா போயிருக்காது. பேட்டரி தீர்ற வரைக்கும் ஆன் பண்ணியே வெச்சிட்டு மறந்த மகராசன் யாரு?"

வெற்றிச்செல்வன் இருமினார்.

"சார்தான்," என்றாள் ரெனி. "ஃபேனையும் அப்டித்தான் வுட்டுட்டு வருவாரு. வாடகைக்கு இருக்கிற ஆபீஸ்ல அது ஒண்ணுதான் முழு நேர ஊழியர்."

"இந்தாங்க, இது வேற இருந்திச்சு." சகாயம் பேட்டரிக் குழியிலிருந்து காய்ந்த இலைத் துணுக்குகள் சிலவற்றை எடுத்துத் துணியில் வைத்தார். ரெனி ஒன்றை நசுக்கி மோந்து பார்த்தாள்.

"நொச்சி," என்றாள். அப்புறம் எதுவும் சொல்லவில்லை. ரெனி எதுவும் சொல்லாமல் இருப்பது அபூர்வம். வெற்றிச்செல்வன் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கார்டு மூடியின் இடுக்கில் சிக்கியிருந்த ஒற்றைச் சாமை மணி தெறித்து வெளியே வந்தது. பின்னாலேயே கார்டும் வந்தது.

சகாயம் அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். ஏழு படங்கள். முதல் ஆறு கிடங்கைச் சுற்றி எடுத்தவை. சேற்றில் சக்கரத் தடம், மூன்று கோடுகளாக.

"லோடு ஆட்டோ," என்றார் வெற்றிச்செல்வன். "ஆக, சின்னதம்பி சாவி போட்டுத் திறந்து விட்டிருக்கார். ஆட்டோக்காரன் ஏத்திக்கிட்டுப் போயிருக்கான்."

ஏழாவது படம் இருட்டில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தது. மணி எட்டு பன்னிரண்டு என்று ஓரத்தில் பதிவாகியிருந்தது. படம் சாய்ந்திருந்தது. கால்வாசியை ஒரு பெண்ணின் கட்டை விரல் மறைத்தது. நடுவில், மங்கலான பல்பு வெளிச்சத்தில், தட்டுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார் வெற்றிச்செல்வன்.

"பார்த்தீங்களா! மங்கம்மாள் கை!" நிபுணர் மேஜையைத் தட்டினார். துணியில் இருந்த சாமை துள்ளியது. "என் அனுமதி இல்லாம என் கேமராவைத் தொட்டிருக்காங்க. அப்புறம் உள்ள சாமையைக் கொட்டியிருக்காங்க. கேஸ் முடிஞ்சுது. ரெனி, வண்டியை எடு. நாலு மணிக்கு ஊர் முன்னால இதை வைக்கணும்."

"எல்லாப் படத்தையும் என் போன்ல ஏத்திக் குடுங்க அண்ணே," என்றாள் ரெனி சகாயத்திடம்.

கேமராவின் மூக்கு இப்போது உள்ளே போயிற்று, வெளியே வந்தது. உறுமல் மட்டும் லேசாக மிச்சமிருந்தது.

"கண்ணாடிக்குப் பின்னால இன்னும் ஒரு மணி மாட்டிக்கினு கீது," என்றார் சகாயம். "மொத்தமாக் கழட்டணும். புதன்கிழமை வாங்க. அதுவரைக்கும் எந்தப் படம் எடுத்தாலும் நடுவுல ஒரு நிழல் வுழும்."

*

அத்திமூரில், மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால், ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள் ரெனி. வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின் இருக்கையில் நிபுணரோடு ஏறும் எந்த வண்டிக்கும் அது வாங்கும்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் டீயை ஊதிக்கொண்டே. "ஒருத்தருக்கு ஒரு கேமராவ நாசம் பண்ணணும்னு கீது. இன்னா பண்ணுவாரு?"

"கல்லால அடிப்பார். கிணத்துல போடுவார். மண்ணை வாரிக் கொட்டுவார்."

"அன்னிக்கு மழை. வாசல் பூரா சேறு. சும்மா கெடைக்குது. அத வுட்டுட்டு வூட்டுக்குள்ள போயி பானையத் தொறந்து சாமைய எடுத்தாரா?"

"அவசரத்துல கையில கிடைச்சது..."

"நொச்சி எலை எதுக்கு சார் போடுவாங்க?"

"பூச்சி வராம இருக்க."

"தினம் அள்ளி ஆக்குற தானியத்துல நொச்சி போட்டு வெக்க மாட்டாங்க. எங்க வூட்லயும் வெதைக்கு எடுத்து வெச்சதுலதான் போடுவாங்க. அதுதான் வூட்லயே நல்லாக் காஞ்ச தானியம். வெயில்ல நாலு நாள் காய வெச்சி, பல்லுல கடிச்சிப் பாத்து, அப்புறம்தான் பானைல கொட்டி மூடுவாங்க. நாசம் பண்றவன் அடுத்த வருஷத்து வெதையிலயா சார் கைய வெப்பான்?"

வெற்றிச்செல்வன் பன்னைக் கடிக்கப் போனவர் நிறுத்தினார். நல்லாக் காய்ந்த தானியம். காய்ந்தது ஈரத்தை இழுக்கும்.

"அன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது இன்னா பேசினீங்க?" ரெனியின் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் நினைத்துப் பார்த்தார். நினைவு வர வர, அது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நனைந்த கேமராவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசியது இது: "இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. என் நண்பர் ஒருத்தர் செல்போனைக் கிணத்துலயே போட்டுட்டார். எடுத்து அரிசிக்குள்ள புதைச்சு வெச்சோம். ராத்திரி முழுக்க அரிசி ஈரத்தை உறிஞ்சிடும். காலைல போன் பேசுது! இது விஞ்ஞானம்." அந்த 'விஞ்ஞானம்' என்ற சொல்லை எச்சில் விரலை உயர்த்திச் சொன்னார். பிறகு கை கழுவினார், படுத்தார், குறட்டை விட்டார். கேமரா மூக்கை நீட்டிக்கொண்டு தரையில் கிடந்தது.

அவர் தூங்கிய பிறகு அந்த இரண்டு பேரும் அவருடைய விஞ்ஞானத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

"ஆனா நான் அரிசின்னுதானே சொன்னேன்?" அவர் கடைசிக் கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "அரிசின்னா மணி பெரிசு, லென்ஸுக்குள்ள போயிருக்காது. அவங்க வீட்டுல அரிசி இருந்துதே. நான் சாப்பிட்டேனே. அதை விட்டுட்டு ஏன் சாமையில வைக்கணும்? பதில் சொல்லு."

ரெனி போனில் ஏழாவது படத்தை எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி அவரிடம் நீட்டினாள்.

கேமராவை நகர்த்தி வைத்தபோது மங்கம்மாள் கை பட்டு விழுந்த படம் அது. காலையில் அதில் அவர் பார்த்தது ஒரு கட்டை விரலை மட்டும். இப்போது மற்றதும் தெரிந்தது. அவர் தட்டில் வெள்ளை வெளேரென்று சோறு, கூம்பாக. பக்கத்தில் சின்னதம்பியின் தட்டில் கேழ்வரகுக் களி, உருண்டையாக, கறுத்து. மங்கம்மாளுடைய தட்டு என்று ஒன்று படத்திலேயே இல்லை. அடுப்பு ஓரத்தில் சோற்றுப் பானை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் அரிசி அளக்கும் படி, அதுவும் கவிழ்த்து.

"அந்த வூட்டு அரிசி எங்க போச்சுன்னு நீங்க துப்பு துலக்கணுமா சார்?" என்றாள் ரெனி.

வெற்றிச்செல்வன் மெதுவாகக் குனிந்து பார்த்தார். சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே, அரிசி போன இடம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாம் தடவை மங்கம்மாள், "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்துவிட்டது. "இருக்கிறதை வெச்சுடும்மா. வீணாப் போகக் கூடாது பாரு."

டீக்கடைக்காரர், "சாருக்கு இன்னொரு பன்னு?" என்றார்.

"வேண்டாம்," என்றார் வெற்றிச்செல்வன். அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவ்வளவு சீக்கிரமாகச் சொன்னதில்லை.

"இதையும் பாத்துடுங்க." ரெனி ஆறாவது படத்துக்குப் போனாள். "சக்கரத் தடம் எங்க போவுது?"

தடம் கதவுப் பக்கம் போகவே இல்லை. கிடங்கின் பின்பக்கச் சுவருக்குப் போய் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால், துருப்பிடித்த தகரத்தில் ஒரே ஒரு தகடுக்கு மட்டும் நாலு மூலையிலும் பளபளவென்று புது ஸ்க்ரூ.

"பின்பக்கத் தகரத்தக் கழட்டி மூட்டைய எடுத்துட்டு மறுபடி மாட்டியிருக்கானுங்க. சாவி வெச்சிருக்கிறவருக்கு இன்னாத்துக்கு சார் இந்த வேலை? கதவத் தொறந்தா ஆச்சு. இத எடுத்தது நீங்கதானே? அப்பவே பாக்கலியா?"

"நானா எடுக்கலை," என்றார் அவர். "அவர்தான் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனார். 'சார், இங்கயும் ஒண்ணு எடுங்க'ன்னார். கேமரா நனையாம குடையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் நனைஞ்சார். நான் சீக்கிரம் உள்ளே போகணும்னு பார்க்காமலே அழுத்தினேன்."

சின்னதம்பிக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். விடிவதற்குள் மழை தடத்தை அழித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வீட்டிலேயே நன்றாகக் காய்ந்த பொருளில், அடுத்த வருஷத்துப் பயிரில், கேமராவைப் புதைத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அதையே சாட்சியாக வைத்து அவரைத் திருடன் என்று கால் மணி நேரம் பேசிய பெருமை வெற்றிச்செல்வனைச் சேர்ந்தது.

"ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கிட்டுப் போயிடலாமா?" என்றார்.

"அத எறக்கும்போது ஊரே பாக்கும் சார். எதுக்குன்னு கேக்கும்."

அந்தக் கதவும் சாத்தப்பட்டது. வண்டியில் ஏறும்போது கேட்டார்: "ரெனி, மலையில இந்த வண்டி பஞ்சர் ஆக வாய்ப்பிருக்கா?"

"எல்லா வாய்ப்பும் கீது சார். ஆனா இன்னிக்கு ஆவாது. வேணும்னு நெனைக்கிறப்ப எதுவும் ஆவாது."

ஆகவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் அந்த ஓட்டை ஸ்கூட்டர் துரோகி போலத் திடமாக ஏறியது.

*

மணி மூன்றே முக்கால். மங்கம்மாள் வீட்டு முன்னால் சாமையை முறத்தில் பரப்பி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எழுந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் வெற்றிச்செல்வன் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்பதைவிட, ஆசைப்பட்டார்.

"வாங்க சார்," என்றார் மங்கம்மாள். "கேமரா ஆச்சுங்களா? கறுப்பா கயிறு நூலு ரெண்டு இதுல கெடந்திச்சி. அது அறுந்ததாலதான் கெட்டுப் போச்சோன்னு எடுத்து வெச்சிருக்கேன்." இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து, கேமராப் பட்டையில் பிரிந்த இரண்டு நூலை எடுத்து நீட்டினார்.

வெற்றிச்செல்வன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அம்மா," என்றார். ஊர் முன்னால் கால் மணி நேரம் பேசியவருக்கு, ஒரு வாக்கியம் அமையவில்லை. "அம்மா, அந்த அரிசி... நான் அன்னிக்கு..."

மங்கம்மாளின் முகம் மாறியது. சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார்.

"அத எப்டித் தெரிஞ்சிக்கினீங்க?" என்றார் தாழ்ந்த குரலில். "சார், அத மட்டும் கூட்டத்துல சொல்லாதீங்க. வந்தவங்களுக்கு ஆக்கிப் போட்டத வெளிய சொன்னா, அது போட்டதே இல்லன்னு ஆயிடும். இருந்ததே அவ்ளோதான்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எங்க வூட்ல கை நனைப்பான்? ஏன் சாமைல வெச்சீங்கன்னு கேட்டா இது வெளிய வந்துடும். அதனாலதான் இவர நேத்தி பேச வேணாம்னேன்."

"திருடன்னு பேர் வந்தாலும் பரவாயில்லைன்னா?"

"அது பொய்யிதானே சார். பொய்யி என்னிக்காவது போயிடும்," என்றார் மங்கம்மாள்.

சின்னதம்பி உள்ளேயிருந்து வந்தார். வேட்டி, வெளுத்த சட்டை, கையில் சாவி. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் என்பதால் அதைத் தேய்த்து வைத்திருந்தார், பளபளத்தது. வெற்றிச்செல்வனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"படம் வந்திச்சா சார்?"

ரெனி போனைக் காட்டினாள். சேற்றில் இருந்த மூன்று கோடுகளை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "வந்திருச்சி," என்றார்.

*

கிடங்குக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் லட்சுமணன் நடுவில் ஒரு கல்லைக் காட்டினார். சின்னதம்பி சாவியை அதன் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வெற்றிச்செல்வன் முன்னால் வந்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்: 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக.' அதைச் சொன்னால் சின்னதம்பியும் தப்புவார், நிபுணரும் தப்புவார். கல்லின் மேல் சாவி வெயிலில் மின்னியது. அந்த வாக்கியம் தொண்டையிலேயே செத்தது.

"வெள்ளிக்கிழமை இங்க நின்னு நான் கால் மணி நேரம் பேசினேன்," என்றார். "அத்தனையும் தப்பு. சின்னதம்பி கேமராவைக் கெடுக்கலை. கெடுத்தது நான்."

கூட்டத்தில் சலசலப்பு.

"மழையில நனைஞ்சிருச்சு. அரிசிக்குள்ள வெச்சா காயும்னு எனக்கு ஒரு ஞானம். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு எழுந்து, இருட்டுல தடவி, அரிசின்னு நெனைச்சு அவங்க விதைச் சாமையில புதைச்சுட்டேன். லென்ஸை வேற மூடலை. காலைல எனக்கே ஞாபகமில்லை. பழியை இவர் மேல போட்டுட்டேன்."

முதலில் சிரித்தது செல்லி என்ற பெண். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பிறகு ஊரே சிரித்தது.

"இருட்டுல கைய வெச்சா அரிசி எது சாமை எதுன்னு தெரியாதா?" என்றார் லட்சுமணன். "எங்க ஊர்ல மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும். உங்களயா நாங்க திருடனக் கண்டுபுடிக்கக் கூப்ட்டோம்?"

"ஆமாங்க," என்றார் வெற்றிச்செல்வன்.

"பட்டணத்துல எல்லாருமே இப்டியா, இல்ல நீங்க மட்டுமா?" என்று செல்லி கேட்டாள்.

"நான் மட்டும்தாம்மா."

காது நுனி வரைக்கும் சூடேறியது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் நிற்பது, டீக்கடையில் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்ததைவிடச் சுலபமாக இருந்தது. ரெனி அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல பொய் அது.

பிறகு ஆறாவது படத்தைக் காட்டினார்கள். ஊர் மொத்தமும் கிடங்கின் பின்பக்கம் போயிற்று. புது ஸ்க்ரூ நாலும் அங்கேயே இருந்தன. முன்பக்கப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஊர், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த தடத்தை உற்றுப் பார்த்த சதீஸ்குமார் என்ற டிராக்டர் டிரைவர், "பின் டயர் ஒண்ணு மொழுக்குன்னு கீது. போன வாரம் பிளாஸ்டிக் சாமான் விக்க வந்த லோடு ஆட்டோ இதுதான். நான்தான் அதுக்கு ஸ்டெப்னி மாட்டிக் குடுத்தேன்," என்றார். யாரோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள்.

லட்சுமணன் கல்லின் மேலிருந்த சாவியை எடுத்து, சின்னதம்பியின் கையில் வைத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்ததும் சின்னதம்பி வெற்றிச்செல்வன் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்காமல், கிடங்கைப் பார்த்தபடி, மெல்லக் கேட்டார்:

"சார், அந்தப் பானை வாயில சாணி வெச்சி மெழுகியிருந்திச்சி. இருட்டுல எப்டித் தொறந்தீங்க?"

வெற்றிச்செல்வன் மன்னிப்புக் கேட்கக் கைகளைக் கூப்பினார். சின்னதம்பி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"வூட்டுக்கு வாங்க. சாப்ட்டுப் போலாம்."

*

"அரிசி இல்லீங்க," என்றார் மங்கம்மாள், நேராக அவர் முகத்தைப் பார்த்து. "களிதான்."

அதை அந்த அம்மாள் தன்னிடம் சொன்னதே ஒரு பதக்கம் போல இருந்தது வெற்றிச்செல்வனுக்கு. பதக்கம் வாங்குகிற தகுதி தனக்கு இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. தட்டில் களி உருண்டை விழுந்தது. நடுவில் குழி செய்து கீரைக் குழம்பு ஊற்றினார். இந்தத் தடவை மங்கம்மாளும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் வரைக்கும் அவர் கை வைக்கவில்லை.

ரெனி கேமராவை எடுத்தாள். அது 'கர்ர்' என்று உறுமி, மூக்கை நீட்டி, ஒரு படம் பிடித்தது. சின்னத் திரையில் பார்த்தார்கள். சகாயம் சொன்னது போலவே உள்ளே மாட்டியிருந்த ஒற்றைச் சாமையின் நிழல், நடுவில், கரெக்டாக நிபுணரின் கன்னத்தில் விழுந்திருந்தது.

"திருஷ்டிப் பொட்டு சார்," என்றாள் ரெனி. "இவ்ளோ அழகுக்குத் தேவைதான். புதன்கிழமை எடுத்துடச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும்," என்றார் வெற்றிச்செல்வன்.

சின்னதம்பி முதல் தடவையாகச் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா சார்?" என்று கரண்டியோடு குனிந்தார் மங்கம்மாள்.

துப்பறியும் நிபுணர் வாயைத் திறக்கவில்லை. முதலில் எட்டி, பானைக்குள் பார்த்தார்.